தூக்கிவிட ஆளில்லாத பகல்

என் சின்னண்ணாவுக்கு,

உங்கள் சக்கர நாற்காலி முன்னறையில் அப்படியே நிற்கிறது. அதில் கிடந்த மெத்தையை மட்டும் கழற்றிக் கிளிநொச்சியில் இருக்கும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஷெல் துண்டு முதுகில் பட்ட நாளிலிருந்து இடுப்புக்குக் கீழே உங்களுக்கு உணர்வில்லை. ஒரே இருப்பில் இருந்தால் புண் வரும். வந்தாலும் வலி தெரியாது. அதற்காகத்தானே நானும் என் சிநேகிதியும் அந்த மெத்தையைச் செய்தோம்? அசையாமல் அதிக நேரம் இருந்தால் மணி அடிக்கும்; நீங்கள் கைகளை ஊன்றி இருப்பை மாற்றுவீர்கள். முதல் பாவனையாளர் நீங்கள்.

பரந்தனில் ஒரு கலியாண வீட்டில், தாலி கட்டும் நேரம் பார்த்து அது அலறியது. சபையே உங்களைத் திரும்பிப் பார்த்தது. "எனக்குச் சொல்லுறதை இது ஏன் பிள்ளை ஊருக்கெல்லாம் சொல்லுது?" என்று கேட்டீர்கள். மணியை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் நடுங்கும் கைப்பட்டி ஒன்று செய்து தந்தோம்.

"இப்ப சரி. இனி நீ இதை விக்கலாம்" என்றீர்கள். சந்தோசத்தில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு அந்தக் காய்ச்சல். கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கப் பலமில்லாமல் போனது. அண்ணி ஆடைத் தொழிற்சாலையில், நான் பட்டறையில். நாங்கள் புண்ணைக் கண்டபோது அது எலும்புவரை போயிருந்தது. ஆசுபத்திரியிலிருந்து நீங்கள் திரும்பி வரவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும் அண்ணி பட்டியை என்னிடம் தந்தார். "அது தன்ர வேலையைச் சரியாத்தான் செய்தது. அவருக்குத் தெரிஞ்சிருக்கு. தூக்கிவிட ஆள்தான் இல்லை."

ஏன் அண்ணா ஒரு ஃபோன் எடுக்கவில்லை? எங்கள் வேலையைக் குழப்பக்கூடாது என்று நினைத்தீர்களா?

இப்போது பட்டி நடுங்கினால் இன்னொருவரின் ஃபோனிலும் மணி அடிக்கும்படி மாற்றியிருக்கிறோம். போன கிழமை மாங்குளத்தில், உங்களைப் போலவே நடமாட முடியாத ஓர் அக்காவிடம் மெத்தையையும் பட்டியையும் கொண்டுபோனேன். தாயார் கூலி வேலைக்குப் போயிருந்தார். சுற்றிவரப் பற்றைக்காடு.

"ஆரின்ர நம்பரைப் போடட்டோ அக்கா?"

"அம்மாட்ட ஃபோன் இல்லை. பகலில இஞ்ச ஒருத்தரும் இல்லைத் தங்கச்சி. உம்மட நம்பரையே போடும். அடிச்சா வருவீர்தானே?"

"ஓம் அக்கா, வாறன்" என்று சொல்லிவிட்டேன்.

நேற்று மத்தியானம் அடித்தது. பஸ் பிடித்து ஓடினேன். போய்ச் சேரும்போது தாயார் வேலையால் திரும்பி, மகளைப் புரட்டிப் படுக்க வைத்திருந்தார். முதுகின் கீழே தோல் சிவந்து கிடந்தது.

மறுமுனையில் ஓர் ஆள் இல்லாத வீட்டுக்கு இதை விற்கமாட்டேன், அண்ணா. நாளைக்கு அந்த அக்கா இருக்கும் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய், மணி அடித்தால் ஓடிவர யாராவது இருக்கிறார்களா என்று கேட்பேன். ஆள் கிடைக்கும்வரை, எத்தனை தரம் அடித்தாலும் நான் போவேன், பிந்தினாலும்.

உங்கள் கூடப்பிறந்த
தங்கச்சி