அப்பா விழுங்கிய பித்தப்பை

தேனி ஆஸ்பத்திரி வராந்தா,
சனிக்கிழமை.

அன்பு மகன் சுரேஷ்கண்ணனுக்கு அம்மா எழுதுவது. கடல் தாண்டி இருக்கிற நீ வேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி இல்லாமல், அந்த நிக்கோபார் மழையில் நனையாமல் இருக்க வேண்டும். இங்கே நானும் உன் தங்கை ஓவியாவும் சுகம். அப்பாவும் சுகம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. என் கண்ணாடி வீட்டிலேயே கிடக்கிறது, அதனால் நான் சொல்லச் சொல்ல ஓவியாதான் எழுதுகிறாள், சொல்வதை மட்டும் எழுது, உன் கைச்சரக்கைச் சேர்க்காதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். (அண்ணே, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் ஏரியா. சத்தியம் அடைப்புக்குறிக்கு வெளியேதான் செல்லும்.)

அப்பா பத்து நாளுக்கும் மேலாக இங்கே படுத்திருக்கிறார். கிட்னி இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன, மிஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்கிறார்கள். கடைசி வரி வரைக்கும் படி, அதற்கு முன்னால் போனை எடுத்து அவரைக் கேட்டுவிடாதே, உனக்குத் தெரியக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சொல்லியிருக்கிறார். தீபாவளி கழிந்து நம்மூர்க் கண்மாயில் மீன் பிடித்தார்கள், உன் தாய்மாமன் செல்லப்பாண்டி ஒரு கட்லா மீனைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான், சின்னப் பிள்ளை கனம் இருக்கும். நான் செதில் உரசிக் குடலை எடுத்தபோது அதற்குள்ளிருந்து பித்தப்பையை நசுங்காமல் பிரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான், இலந்தைக்காய் மாதிரி பச்சையாக இருந்தது. அப்பாவுக்குச் சுகர் ஏறி மாத்திரையைக் கூட்டினதிலிருந்து மனசே சரியில்லை என்பதுதான் உனக்குத் தெரியுமே. மாமன் சொல்கிறான், "பாகக்காய எத்தன நாளைக்கு மெல்லுவீக மச்சான், இது ஒரே முழுங்கு, கசப்பு உள்ள போனாச் சீனி பயந்து ஓடிரும், எங்க பக்கம் நாலு பேரு முழுங்கிட்டு நல்லாருக்காக." ஏலே, பச்சையாவா என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, அப்பா எழுந்து போய் ஒரு நாழிப்பூவன் பழத்தை உரித்து நடுவில் பிளந்து, பித்தப்பையை அதற்குள் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிவிட்டார். (சுகருக்கு வைத்தியம், அதுவும் வாழைப்பழத்துக்குள். சர்க்கரை போகட்டும் என்று விழுங்கி அக்கரை போகப் பார்த்தார்.)

அந்த மீனைத்தான் குழம்பு வைத்து எல்லாரும் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்குப் பொழுது சாய்வதற்குள் வயிற்றைப் பிடுங்கி வாந்தியும் பேதியும். பித்தம் கெட்டதைத்தான் வெளியே தள்ளுகிறது என்று மாமன் அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தான். வாந்தி நின்றதும் தேறிவிட்டார் என்று நானும் நம்பினேன். அதற்கப்புறம் கண் மஞ்சளானது, முகம் வீங்கியது, ஒன்றுக்குப் போவது சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றே போனது. இங்கே கூட்டி வந்தால், டாக்டரம்மா சின்னப் பெண், என்ன சாப்பிட்டாக என்று கேட்க, நான் சோறு, குழம்பு, ரசம் என்று ஒப்பிக்கிறேன், அப்பா கட்டிலில் கிடந்தபடி அதைச் சொல்லாதே என்று கண்ணாலேயே என்னை அதட்டுகிறார். ஓவியாதான் பட்டென்று போட்டு உடைத்தாள். அந்தப் பெண் ஏசவில்லை. இப்படி அப்பப்ப ஒருத்தர் வருவாக, நல்லவேளை சொன்னீக என்றாள். மீன் பித்தத்தில் நஞ்சு இருக்கிறதாம், வேக வைத்தாலும் அது போகாதாம், ஈரலையும் கிட்னியையும் சேர்த்து அடிக்குமாம். சதையில் குற்றமில்லை. "மீனே அதைத் தனியா ஒரு பையில கட்டி வச்சிருக்கு, அத நீங்க எதுக்குய்யா அவுத்தீக?" என்று அப்பாவைக் கேட்டாள், அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் நீ பேசினபோது பின்னால் என்னப்பா இரைச்சல் என்று கேட்டாயே, மோட்டார் ஓடுது, திராட்சைக்குத் தண்ணி பாயுது என்று சொன்னாரே, அது மோட்டார் இல்லை அய்யா, அந்த மிஷின்தான். கழுத்தில் குழாயோடு படுத்துக்கொண்டு அவ்வளவு தெம்பாகப் பேசினார், போனை வைத்ததும் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். நான் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தேன், அம்மாகிட்ட குடுங்க என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது, களை எடுக்கப் போயிருக்கா என்று சொல்லிவிட்டார். வாட்ஸ்அப்பில் சொன்னால் அடுத்த நிமிஷமே நீ அவரைக் கூப்பிடுவாய், கடிதம் என்றால் கப்பலேறி வந்து சேர்வதற்குள் அவர் கொஞ்சம் தேறியிருப்பார், அதனால்தான் கடிதம்.

செல்லப்பாண்டி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை, நம் தோட்டத்துக்கு மட்டும் விடியும் முன்னே போய் மருந்தடித்துவிட்டு வருகிறானாம். நான் கோபப்பட்டுத் திட்டவாவது வந்து நில்லுடா என்று இருக்கிறது எனக்கு. ஓவியாவைப் பள்ளிக்கூடம் கெடக் கூடாது என்று கம்பத்தில் சுபைதா அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன், அக்கா மகள் சானியாவோடு போய் வருகிறாள். அக்கா ஒரு நாள் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாக, அன்றைக்குத்தான் வாய் திறந்து பேசினேன். மற்ற நாளெல்லாம் இந்த வராந்தாதான். பக்கத்தில் பாய் விரிக்கிறவர்கள், ஒத்தையாவா இருக்க ஆத்தா, பிள்ளைக இல்லையா என்று கேட்பார்கள், மகன் அந்தமானுக்கும் அந்தப் பக்கம் வயர்லெஸ் ஆபீஸில் இருக்கான் என்று சொன்னால் அடேயப்பா என்பார்கள், பெருமையாகத்தான் இருக்கும், பிறகு அவரவர் மகனுக்குத் தூக்குச்சட்டியைத் திறந்து சோறு போடப் போய்விடுவார்கள். (அம்மா கிட்னி, கிட்னி என்று சதா புலம்பினாள். புலம்பாதே, அப்பாவுக்குக் கிட்ட நீ இருக்கியே, அது போதும் என்றேன். எனக்குக் கிட்ட யாருடி என்று கேட்டாள். அதற்கு என்னிடம் ஜோக் இல்லை அண்ணே.)

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடலில் இதைவிடப் பொல்லாதது இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாள். பேத்தை மீன் என்று உப்பிக்கொள்கிற ஒன்று, அதை என்ன செய்தாலும் விஷம் போகாது, கை கால் மரத்து மூச்சே நின்றுவிடுமாம். பவளப்பாறையில் மேய்கிற மீன்களைத் தின்று கொழுத்த பெரிய மீன்களிலும் சில இடத்தில் நஞ்சு சேர்ந்திருக்குமாம், பார்த்தாலும் தெரியாது, ருசியிலும் தெரியாதாம். அங்குள்ள தீவுக்காரர்கள் எதை ஒதுக்குகிறார்களோ அதை நீயும் ஒதுக்கு. சாப்பிட்டபின் உதடு மரத்தாலோ, குளிர்ந்த தண்ணீர் தொட்டால் சுடுவது போல இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு, என்ன தின்றாய் என்பதை ஒளிக்காமல் சொல்.

இத்தனை நாளும் எழுதாதவள் இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று நீ கேட்கலாம். இன்று காலையில் அப்பாவுக்கு ஒன்றுக்கு இறங்கியது. சொட்டு இல்லை, டப்பா நிறைய. டாக்டரம்மா அளவைப் பார்த்துவிட்டு, ரத்தத்திலும் உப்பு இறங்கிட்டு வருது, கிட்னி முழிச்சிருச்சும்மா, இனி மிஷின் வேண்டியிருக்காது என்றாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த டப்பாவைப் பால்செம்பு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடி வந்தேன், யாரிடமாவது காட்ட வேண்டும் என்று. பாய் போட்டவர்களெல்லாம் டீ குடிக்கப் போயிருந்தார்கள், ஓவியா இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கெட்டது நடந்தபோதெல்லாம் ஒருத்தரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன் சாமி, நல்லது நடந்தபோதுதான் முடியவில்லை. அதனால் லீவு கேள். அப்பாவுக்காக வர வேண்டாம், அவர் பிழைத்துக்கொண்டார். எனக்காக வா.

நோய்நொடி அண்டாமல் நீ நூறாண்டு இருக்க வேண்டும். பச்சையாக எதையும், யார் சொன்னாலும் விழுங்காதே, அது மருந்து என்று சொன்னால் நிச்சயமாக விழுங்காதே.

என்றும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பொ. பாண்டீஸ்வரி

(அண்ணே, கடைசியில் "சிரித்துக்கொண்டே சொன்னேன்" என்று சேர்க்கச் சொன்னாள். சேர்க்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. சீக்கிரம் வா.)