மூன்று குழாய்க்கும் ஒரே மைக்

என் செல்ல நைனாவுக்கு,

அன்று மைக்கை என் கையில் கொடுத்தபோது உன் பெயரை நான் சொல்லவில்லை. சொல்வதற்கென்று நாலைந்து நல்ல வாக்கியங்கள் வைத்திருந்தேன். நீ இல்லாமல் வரும் முதல் ஆகஸ்ட் பதினைந்து இது என்று தொடங்குவதாக இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும்.

ஞாபகம் இருக்கிறதா? புதுக் காலண்டர் வந்த அன்றே நீ ஆகஸ்ட் தாளைத் தூக்கிப் பார்த்தாய். மூச்சிரைப்போடு கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தாய். "பாப்பா, இந்த வருசம் மூணும் ஒண்ணா வருது" என்றாய்.

பதினைந்தாம் தேதி சுதந்திர தினம். அதே தேதிதான் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும். இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருபவை. ஆடிக் கடைசி வெள்ளி மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும்; பல வருடங்களுக்கு ஒருமுறைதான் பதினைந்தில் வந்து உட்காரும். நம் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவது அந்த வெள்ளியில்தான். நீ அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. கோடை வருவதற்குள் போய்விட்டாய்.

உனக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். திருவொற்றியூரில் கடலைப் பார்த்து இறங்கும் நம் தெருவில் மைக் செட் வைத்திருந்தது நீ. தெருவின் ஒரு முனையில் அம்மன் கோயில், மறுமுனையில் மாதா சிலை நிற்கும் சின்னக் குகை போன்ற கெபி, நடுவில் ஆட்டோ ஸ்டாண்டும் கொடிக்கம்பமும். மூன்று இடத்திலும் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டுவாய். ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான், அது ஆட்டோ ஸ்டாண்டு மேசையில் இருக்கும். உன் சாமி எது என்று யாராவது கேட்டால், "நான் கரண்டு பார்ட்டி" என்பாய்.

முதலில் ஒவ்வொரு குழாய்க்கும் தனி சுவிட்ச் வைத்திருந்தாய். யாருடைய விசேஷமோ அவர்கள் குழாயை மட்டும் திறப்பாய். நான் ஏழாம் வகுப்பு படித்த வருடம் இதே போல மூன்றும் ஒன்றாக வந்தன. கெபியில் மன்றாட்டு மாலை தொடங்கியபோது கோயில் குழாயை அணைக்க மறந்துவிட்டாய். கோயில் வாசலில் தூக்குச்சட்டியோடு கூழுக்கு நின்ற பெண்கள், மாதாவின் பெயர்கள் ஒவ்வொன்றாக வர வர, யோசிக்காமல் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஒரே குரலில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். கெபிப் பக்கமிருந்து வருடா வருடம் கேட்டு வாயில் படிந்துபோன பதில். கூழ் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்த ஏகாம்பரம் மாமாவும் சேர்ந்து சொன்னார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"டேய், இன்னாடா பண்ணிக்கினு கீற? அம்மன் கூழுல மாதாவைக் கலக்கறியா?"

"நீ மட்டும் வாயை மூடிக்கினா நின்ன? நல்லாதானே சொன்ன" என்றாய் நீ.

அதன் பிறகு நீ அந்த சுவிட்சுகளைத் தொடவே இல்லை. யார் பேசினாலும், யார் பாடினாலும் மூன்று குழாயிலும் கேட்கும். தனி செட் கேட்டு வந்தவர்களிடம், "மூணு சனம் கீதுன்னு எவன் சொன்னான்? ஒரே சனம்தான் மூணு தபா நிக்குது" என்று சொல்லி அனுப்புவாய். உண்மையைச் சொல், நைனா. அன்று அந்த சுவிட்சை நிஜமாகவே மறந்தாயா? கேட்காமலே விட்டுவிட்டேன்.

இந்த வருடம் ஆடி பிறந்ததும் ஏகாம்பரம் மாமா வீட்டுக்கு வந்தார். இப்போது கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான்.

"கோச்சிக்காத பாப்பா. அம்மனுக்கு பாக்ஸ் செட்டு சொல்லிட்டோம். பெரம்பூர்லேர்ந்து வண்டி வருது. கொடிக்கும் மாதாவுக்கும் நீ நைனா செட்டைப் போட்டுக்கோ."

"ஒரே தெருவுல ரெண்டு செட்டு பாடினா எது மாமா காதுல விழும்?"

"அதுக்கு இன்னா பண்றது? நைனா பூட்டாரு. நீ கண்டெய்னர் யார்டுல கம்ப்யூட்டர் தட்ற பொண்ணு. அந்தக் குழாயில இனிமே பாட்டு வருமா, புட்டு வருமா?"

அடுப்பங்கரையில் அம்மா சிரித்தேவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்ஸ் ஒருமுறை பாடிவிட்டால் அடுத்த வருடம் கெபிக்காரர்களும் ஒன்று கொண்டுவருவார்கள். ஒருவர் சத்தம் இன்னொருவருக்குக் கேட்கும், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. நீ இந்தத் தெருவில் இழுத்துக் கட்டியதெல்லாம் அத்தோடு அறுந்துபோகும்.

"கூழ் ஊத்தி முடியற வரைக்கும் பாக்ஸைத் தொறக்காதீங்க மாமா. என் செட்டு ஒரு வாட்டி கொர்ருன்னாகூட நானே வந்து பாக்ஸ் வண்டி தார்ப்பாயை அவுக்கறேன்."

மாமா தாடையைச் சொறிந்தார். "சரி. ஆனா மாதா மன்றாட்டு எங்க குழாயில வரக் கூடாது. இப்ப கமிட்டிப் பசங்க ஒரு மாதிரி கேள்வி கேக்கறானுங்க."

ஒப்புக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

நீ செய்வது போலவே, ஈரம் இழுக்க மைக்கை முதல் நாளே அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தேன். கடல் காற்றில் உப்பேறிய பின்களை உப்புத்தாளால் தேய்த்தேன். மூன்று குழாயையும் நானே ஏணியில் ஏறிக் கட்டினேன். கீழே ஏணியைப் பிடித்திருந்தவர், கெபியைப் பார்த்துக்கொள்ளும் சவரி மாமா. "அடியே, நைனா மாதிரியே ஒயரைப் பல்லால உரிக்கறியே, பல்லு பூட்ச்சினா எவன் கட்டிப்பான்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அவருக்கு மைக்கே தேவையில்லை.

பதினைந்தாம் தேதி காலையிலேயே பெரம்பூர் வண்டி வந்து, தார்ப்பாய் போர்த்தியபடி கோயில் பக்கத்துச் சந்தில் நின்றது. கொடியேற்றுவதற்கு முன் சவரி மாமா மைக்கை என்னிடம் நீட்டினார். "நைனாவைப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லு பாப்பா."

தெருவே என்னைப் பார்த்து நின்றது. நாலு பேர் எதிரில் பேச எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் வாக்கியங்கள் தயாராக இருந்தன. மைக் வாயருகே வந்ததும் எல்லாம் ஒதுங்கி, நீ எப்போதும் கேட்பதுதான் வந்தது.

"எல்லாருக்கும் கேக்குதா?"

கோயில் முனையிலிருந்தும் கெபி முனையிலிருந்தும் ஒரே சமயத்தில் பதில் வந்தது. "கேக்குது!"

அதற்கு மேல் உன் பெயரை எதற்கு நைனா சொல்ல வேண்டும்?

தேசிய கீதம் இழுக்காமல் கரகரக்காமல் போனது. துறைமுகத்துக்குப் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளிலிருந்து டிரைவர்கள் இறங்கினார்கள். எந்த ஊர்க்காரர்களோ, என்ன பாஷையோ. மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டு விறைப்பாக நின்றார்கள். தேசம் என்றால் என்னவென்று நானும் எவ்வளவோ படித்திருக்கிறேன். லுங்கியை இறக்கிவிடும் அந்தக் கையை எந்தப் பக்கத்திலும் பார்த்ததில்லை.

நடுப்பகலில் கூழ் வரிசை நீண்டுவிட்டது. கெபியில் மன்றாட்டு மாலை தொடங்கியது. வாக்குக் கொடுத்தபடி எழுந்து கோயில் குழாயை அணைத்தேன். அந்த சுவிட்ச் இத்தனை வருடம் அசையாமல் இறுகிப்போயிருந்தது. கட்டைவிரலால் அழுத்தித்தான் தள்ள வேண்டியிருந்தது.

வரிசையின் முன்னால் நின்றது பத்மா அத்தை. ஏகாம்பரம் மாமாவின் வீட்டுக்காரம்மா. ஆட்டோ ஸ்டாண்டு வரை கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"ஏ பாப்பா! இன்னா இங்க கம்முனு கீது? குழாய் பூட்ச்சா?"

"இல்லத்த. மாமாதான் அணைக்கச் சொன்னாரு."

"அவரு யாரு சொல்றதுக்கு? மாதாவுக்கு யாரு பதில் சொல்றது, அவங்க அப்பனா? உன் நைனா போட்டாரே, அது மாதிரி போடு!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ தூக்குச்சட்டியைத் தட்டினார்கள். அப்புறம் பலரும் தட்டினார்கள். ஏகாம்பரம் மாமா அகப்பையும் கையுமாக நின்றார். மனைவியைப் பார்த்தார், கமிட்டிப் பையன்களைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"என்னிய இன்னாத்துக்குப் பாக்கற? வரிசை நிக்குது பாரு. போட்டுத் தொல!"

போட்டேன்.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." அம்மன் வாசலிலிருந்து எழுந்த அந்தக் குரல் கெபி வரைக்கும் எட்டியது. அங்கே சவரி மாமா அடுத்த பெயரை இன்னும் உரக்கச் சொன்னார். மூன்று குழாயிலும் அவர் குரல் ஒன்றாகக் கேட்டது. ஏகாம்பரம் மாமா குனிந்து கூழ் ஊற்றிக்கொண்டே இருந்தார். அவர் உதடும் அசைந்தது, நான் பார்த்தேன். இந்தத் தெருக்காரி என்பதில் எனக்குள் இவ்வளவு கர்வம் இருந்திருக்கிறதா? உன் மகள் என்பதில் இருப்பது எனக்கு முன்பே தெரியும்.

கிறிஸ்துமஸுக்கும் குடியரசு தினத்துக்கும் அடுத்த ஆடிக்கும் நானே ஏணியில் ஏறுவேன், நைனா. மைக்கை அரிசியில் வைப்பேன். மூன்றையும் திறந்தே வைப்பேன். ஒயரைப் பல்லால் உரிப்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள்.

சாயங்காலம் மாதா தேர் அம்மன் கோயில் வாசலைத் தாண்டிய பிறகு, பெரம்பூர் வண்டி தார்ப்பாயை அவிழ்க்காமலேயே திரும்பிப் போனது.

உன் மகள்,
கரண்டு பார்ட்டி வீட்டுப் பாப்பா