கியர் போடும் கை

4-3-2002
காலையில் டீ டம்ளரைப் பிடித்திருக்க முடியவில்லை. மாதக்கணக்காக மறைத்துவரும் வலிதான், இடது முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது. கை வழுக்கிவிட்டது என்று அம்சாவிடம் சொன்னேன். பெண்டாட்டியிடமே பொய். அந்தக் கையால்தான் பதினோரு வருடமாகக் கியர் போடுகிறேன். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கத்துக்கு ஸ்டாஃப் பஸ். கியர் ராடு இறுகிக் கிடக்கிறது, சரி செய்யுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

19-4-2002
ஊசிகள் வீண். ஆபரேஷன்தான். இதற்கு டென்னிஸ் எல்போ என்று பேராம். டென்னிஸ் மட்டையை நான் தொட்டதுகூடக் கிடையாது. வேலையால் வந்தது என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். முதலாளி தாமோதரனிடம் போய்ச் சொன்னேன். “கைவலி இல்லாத டிரைவர் எங்க கீறான்?” என்றார். செப்டம்பர் வரைதான் எனக்காகக் காத்திருப்பாராம். அதுவரை என் வண்டியை இன்னொரு டிரைவர் திருவேங்கடம் ஓட்டுவான்.

13-5-2002
ஆபரேஷன் முடிந்தது.

30-5-2002
தையல் பிரித்தார்கள். கை மெலிந்து யாருடையதோ போல் இருக்கிறது. அம்சா தலை துவட்டிவிட்டாள். அழுகை வந்தது. அவள்மேல் எரிந்து விழுந்து மறைத்தேன்.

2-7-2002
ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் பிரபா ஒரு நாற்காலியைக் காட்டினாள். உள்ளங்கை கீழே பார்க்க, முழங்கையை மடக்காமல் அதைத் தூக்க வேண்டும். வலியில்லாமல் தூக்கினால்தான் டாக்டர் ஓட்ட விடுவார். என்னால் அசைக்கவே முடியவில்லை.

28-8-2002
வீட்டில் நாற்காலியைத்தான் தூக்கிக்கொண்டிருக்கிறேன். பிரபா சொல்லிக்கொடுத்த பந்து பிசைவது, துணி முறுக்குவது எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். அதிலெல்லாம் பரீட்சை கிடையாதே. தோளைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் நாற்காலி வந்துவிடுகிறது.

6-9-2002
தூக்கிவிட்டேன். டாக்டர் சரி என்றார். பிரபா மட்டும் என் தோளையே பார்த்தாள்.

17-9-2002
எழுத வேண்டும். எழுதாமல் படுக்க முடியாது.

திருக்கழுக்குன்றம் தாண்டி வளைவில் எதிரே மணல் லாரி. கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். கை போனது, ராடைப் பிடித்து மூன்றிலிருந்து எடுத்தது, இரண்டில் போட முடியவில்லை. விரல்கள் தானாக விரிந்துவிட்டன. வண்டி நியூட்ரலில் ஓடியது. பிரேக்கை மிதித்து ஓரம் கட்டினேன், முன்சக்கரம் மண்ணில் இறங்கி நின்றது. உள்ளே நாற்பது பேர். கேன்டீனில் வேலை செய்யும் ஞானம்மாளுக்கு நெற்றியில் கம்பி இடித்து வீங்கிவிட்டது.

எல்லோரும் வண்டியைத்தான் திட்டினார்கள். “வண்டி பேஜாரு பண்ணுது, நீ இன்னா பண்ணுவ அண்ணாத்த” என்றாள் அந்த அம்மாள். ஆமாம் என்று தலையாட்டியிருக்கலாம்.

“வண்டி இல்லமா. என் கை” என்றேன்.

நாற்காலி தூக்கத்தான் கற்றுக்கொண்டேனா? அந்த லாரி கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்? எதுக்குடா இந்த வீம்பு உனக்கு?

18-9-2002
இனி ஓட்டமாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். வெளியே வந்து எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியவில்லை.

3-2-2003
முதலாளி ஷெட்டிலேயே வேலை கொடுத்தார். எந்த வண்டிக்கு எந்த டிரைவர் என்று டூட்டி போட வேண்டும். அம்சாவுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. தினமும் காலையில் என் வண்டியில் திருவேங்கடம் ஏறுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

11-6-2003
திருவேங்கடம் இன்று தைலம் மணக்க வந்தான். இடது முழங்கை. கேட்டால் ஒன்றுமில்லை என்றான். நான் விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான். “மொதலாளி காதுல போட்டுடாத அண்ணாத்த. வூட்ல ரெண்டு பசங்க கீறாங்க.”

நான் எத்தனை மாதம் மறைத்தேன்? அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவனுக்கு டூட்டி போடவில்லை. அந்த வண்டிக்கும் போடவில்லை. கியர் ராடைச் சரி செய்யாமல் அது வெளியே போகாது, அது கெடுத்த இரண்டாவது கை இது என்று முதலாளியிடம் சொன்னேன். கத்தினார். திருவேங்கடம் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா, தெரியாது. வண்டி ஷெட்டில்தான் நிற்கிறது.