கேரம் போர்டுக்கு ஓர் இடம்

ஜூன் 9, திங்கள்

இன்று வெயில் குறைவு. மத்தியானம் கோதண்டராமனிடம் இரண்டு ஆட்டம் தோற்றேன், ஒன்று ஜெயித்தேன். ஜெயித்தது கடைசி ஆட்டம். அதனால் சோறு நன்றாக இறங்கியது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. மருமகள் எழிலரசி காட்டிக் கொடுத்தாள். நான் வழக்கமாகப் பேசுகிற பேச்சு அதற்குப் புரியவில்லையாம், கண்டபடி எழுதுகிறதாம். "ரேடியோவுல நியூஸ் படிப்பாங்களே, அந்த மாதிரி பேசுங்க மாமா" என்றாள். ரேடியோவே கதி என்று கிடந்தவன் நான். அது ஒன்றும் கஷ்டமில்லை. கோபம் வந்தால் மட்டும் நாக்கு பழைய வழிக்கு ஓடிவிடும்.

இருங்காட்டுக்கோட்டையில் எங்களுக்கு ஒரே அறை, மூலையில் சமையல் மேடை. மகன் டில்லிபாபு கார் கம்பெனி, எழிலரசி போன் கம்பெனி. இரண்டு பேருக்கும் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பேத்தி நிலா பள்ளிக்கூடம். கட்டில், பீரோ, தண்ணீர் டிரம் எல்லாம் போக, தரையில் மீதி இருப்பது ஒரு பாய் விரிக்கிற இடம். டில்லி நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்த பிறகு அங்கேதான் எங்கள் கேரம். அதற்கு முன்னால் ஆட முடியாது. ஸ்ட்ரைக்கர் சத்தத்துக்குப் பக்கத்து அறைக்காரனே எழுந்து உட்காருவான்.

ஜூன் 11, புதன்

எழிலரசி வாலாஜாபாத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஒரு மரச்சட்டம் கொண்டுவந்தாள். கயிறு பின்னாத கட்டில் மாதிரி இருக்கிறது. நடுவில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். ஆரி வேலைக்காம். கொக்கி ஊசியால் ஜாக்கெட் துணியில் ஜரிகையும் மணியும் வைத்துப் பூப்போடுகிற வேலை.

"விக்கறதுக்கா மா?"

"இல்ல மாமா, சும்மா ஆசைக்கு. லைன்ல எட்டு மணி நேரமும் ஒரே ஸ்க்ரூ. கை வேற எதையாச்சும் செய்யணும்னு கேக்குது. மொதல் துணி எங்க லைன் காவேரிக்கு. ஆவணில கல்யாணம்."

கை கேட்கிறது என்றால் எனக்குத் தெரியாதா? கேரம் ஆடுகிறவனுக்கு விளக்கவே வேண்டாம்.

சட்டத்தை வைத்துப் பார்த்தோம். பாய் இடம் முழுக்க அதற்கே சரி. கட்டிய துணியை வேலை முடியும்வரை அவிழ்க்கக் கூடாதாம். சுவரில் சாய்த்தால் வழியை அடைக்கிறது. போர்டு பீரோ இடுக்கில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போர்டை சலூன்ல குடுத்துடறேன் மா" என்றேன். ஏன் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ஐயோ, வேணாம் மாமா" என்றாள். ஆனால் எங்கே வைத்து ஆடுவது என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஜூன் 12, வியாழன்

அலமாரியைத் துடைத்தேன். பவுடர் டப்பா மூடிகளைக் கழுவினேன். வேறு வேலை இல்லை.

ஜூன் 14, சனி

கோதண்டராமன் வந்தான். வாசலில் நின்று சட்டத்தைப் பார்த்தான்.

"இன்னாபா இது, பாடையா?"

"வாயக் கழுவுடா. மருமக பூப்போடுற சட்டம்."

டில்லி வெளியே போயிருந்ததால் போர்டைக் கட்டில்மேல் வைத்து ஆடினோம். கட்டில் நடுவில் பள்ளம். காயெல்லாம் என் பக்கமே சரிந்தது. "உன் வூட்டுக் கட்டிலும் உன் கட்சிதானா?" என்று கத்தினான். அது போதாதென்று காய் நகரவே மாட்டேன் என்றது. பவுடரை அள்ளி அள்ளிப் போட்டேன். போடப் போட இன்னும் ஒட்டியது. ஒரு ஆட்டத்தோடு எழுந்துவிட்டோம்.

கோதண்டராமனைப் பற்றி இதில் சொல்லி வைக்கிறேன். போன வருடத்துக்கு முந்தின வருடம் தைப்பூசத்துக்கு மறுநாள் அவனுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது. டாக்டர் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். அதை நாய்க்குப் போட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தான். முதல் மாதம் ஸ்ட்ரைக்கர் ஒரு சாண்கூடப் போகவில்லை. ஆடி மாதம் ஒரு வெள்ளைக் காய் பாக்கெட்டில் விழுந்தது. அன்றைக்கு டீ அவன் செலவு. இப்போது அந்த விரலால் சட்டைப் பொத்தான் போடுகிறான். அவன் தங்கியிருக்கும் மகள் வீட்டில் அவனுக்கு ஒரு கட்டில் அளவு இடம்தான். சலூனில் போர்டு சின்னப் பசங்க கைக்குப் போய்விடும். நம்மை யார் சேர்ப்பார்கள்?

ஜூன் 17, செவ்வாய்

இன்று நடந்ததை எப்படிச் சொல்வேன்.

ஆரியில் முதலில் பூவைத் துணியில் பதிக்க வேண்டும். ஊசியால் குத்திய தாளைத் துணிமேல் வைத்து, ஒரு வெள்ளைப் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் புள்ளி புள்ளியாகப் பூ இறங்கும். அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டுதான் ஊசி போகும். எழிலரசி நேற்று முழுக்க மெனக்கெட்டு, காவேரி கொடுத்த அரக்குப் பட்டில் ஒரு மயிலும் கொடியும் பதித்தாள். இன்று ஷிப்ட் முடிந்து வந்து சட்டத்தைத் தொட்டாள். மயில் மாவு மாதிரி உதிர்ந்துவிட்டது. தோகை இல்லை, ஒன்றுமில்லை.

டப்பாவை எடுத்து இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்தாள். "மாமா, இது உங்க கேரம் பவுடரு."

இரண்டு டப்பாவும் ஒரே மாதிரி, இரண்டுக்கும் சிவப்பு மூடி. அவளுடைய மூடியில் பேர் எழுதியிருந்தாளாம். எனக்கு எங்கே தெரியும்? கழுவியவன் மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன். அவள் மூடியைப் படித்துவிட்டு, டப்பா இடம் மாறியிருக்கிறது என்று மாற்றி வைத்திருக்கிறாள். நான் படிக்கிறவன் இல்லை, இடத்தைப் பார்த்து எடுக்கிறவன். சனிக்கிழமை நாங்கள் போர்டில் கொட்டியது அவளுடைய பவுடர்.

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. இன்னாத்துக்குடா உனக்கு இந்த வயசுல போர்டு? எடம் இல்லாத வூட்ல ஆட்டம் ஒரு கேடா? நேராக சலூனுக்குப் போய், "ஞாயித்துக்கெயம சாயங்காலம் வந்து எடுத்துக்கோ" என்று வரதராஜனிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

எழிலரசிக்கு அதுதான் கோபம். "உங்கள யாரு மாமா கேட்டா? உதுந்தது புள்ளிதான். பட்டு அப்படியேதான் இருக்கு."

ஜூன் 19, வியாழன்

கோதண்டராமனிடம் சொன்னேன்.

"நல்லதாப் போச்சு. மத்தியானத்துல தூங்கலாம்" என்றான்.

சொல்லிவிட்டுத் துண்டின் ஓரத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தான். வலது கை விரலால்.

ஜூன் 20, வெள்ளி

எழிலரசி மயிலை மறுபடி பதித்தாள், சரியான பவுடரில். நிற்கிறது. போர்டை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்தேன். கொடுக்கிற பொருளை அழுக்காகக் கொடுக்கக் கூடாது.

ஜூன் 22, ஞாயிறு

டில்லிக்கு லீவு. சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். திடீரென்று,

"நைனா, எங்க லைன்ல கார் கதவை எல்லாம் எங்க வெப்பாங்க தெரியுமா?"

"கார்லதான்டா."

"அதுக்கு முன்னாடி. மேல. நம்ம தலைக்கு மேல தொங்கினே வரும். வேணும்ன எடத்துல மட்டும் கீய எறங்கும். தரையில வெச்சா எடம் ஏது?"

அப்போதுதான் மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தோம். தூளிக் கொக்கி. நிலா அதில்தான் தூங்கி வளர்ந்தாள். அவள் இறங்கி நடந்த பிறகு அந்தக் கொக்கியை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

டில்லி போய் நைலான் கயிறும் ஒரு சின்னக் கப்பியும் வாங்கி வந்தான். சட்டத்தின் நான்கு மூலையிலும் கயிறு கட்டி, கப்பியில் விட்டு இழுத்தான். பட்டும் மயிலுமாகச் சட்டம் படுத்த வாக்கிலேயே மேலே போய் நின்றது. துணியை அவிழ்க்க வேண்டியதில்லை. கீழே பாய் இடம் காலி.

சத்தம் கேட்டு வீட்டுக்கார கோவிந்தம்மா வந்துவிட்டார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது அவர்கள் சட்டம்.

"இன்னாடா டில்லி, வூட்டப் பேக்கறியா?"

"ஆணியே அடிக்கல ஆயா. நீங்க வெச்ச கொக்கிதான்."

"அது கொயந்தைக்கு வெச்சதுடா!"

"இதுவும் கொயந்ததான் ஆயா. ஆவணி வரைக்கும் வளக்கணும்" என்றாள் எழிலரசி. கோவிந்தம்மா மயிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். தன் பேத்திக்கு ஒன்று போட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் வரதராஜன் வந்தான். கொஞ்ச நாள் பொறு என்றேன்.

ஜூன் 25, புதன்

கோதண்டராமன் சட்டத்துக்கு அடியில் உட்கார மாட்டேன் என்கிறான். "கம்பெனில கதவு தலையில வியுந்தா காசு குடுப்பான். இது வியுந்தா யாரு குடுப்பா?"

கயிற்றைப் பிடித்து நானே தொங்கிக் காட்டினேன். உட்கார்ந்தான். மூன்று ஆட்டமும் தோற்றேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஆடுகிறவனிடம் தோற்றேன்!

ஜூலை 1, செவ்வாய்

எங்களுக்கும் ஷிப்ட் வந்துவிட்டது. அவள் வீட்டில் இருக்கும்போது சட்டம் கீழே, போர்டு பீரோ இடுக்கில். அவள் கம்பெனிக்குப் போனால் சட்டம் மேலே, போர்டு கீழே. மயிலுக்குக் கழுத்து வந்துவிட்டது.

ஜூலை 5, சனி

இன்று கோதண்டராமன் நேரம் தவறி வந்துவிட்டான். எழிலரசியின் நேரம் அது. சட்டம் கீழே இருந்தது. வாசலிலேயே செருப்பைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

"உள்ள வாங்க பெரிப்பா. எனக்கும் கண்ணு வலிக்குது" என்று அவளே கயிற்றை இழுத்தாள். மயில் மேலே போயிற்று. போர்டை எடுத்துப் போட்டு அவளும் உட்கார்ந்தாள். மூன்று பேர் ஆட்டம். ஸ்க்ரூ போட்டுப் பழகிய கை, குறி தப்பவில்லை. ஆனால் வேகம் அதிகம். ஸ்ட்ரைக்கரே பாக்கெட்டில் போய் விழுந்தது. "மைனஸ்! மைனஸ்!" என்று கோதண்டராமன் குதித்தான்.

அந்த நேரம் பார்த்து வரதராஜன் வந்து நின்றான். "இன்னா தாத்தா, போர்டு எப்ப தர்ற? பசங்க கேக்கறாங்க."

நான் வாய் திறப்பதற்குள் அவள், தலையை நிமிர்த்தாமல், சிவப்புக் காயைக் குறி வைத்தபடியே சொன்னாள்:

"போர்டு எங்கயும் போவாதுண்ணா. எனக்கு இன்னும் ரெட்டு வியல."

விழவில்லைதான். பாக்கெட் ஓரம் வரை போய் நின்றுவிட்டது.

ஆட்டம் முடிந்து பவுடர் டப்பாவை வைக்கப் போனேன். மூடிமேல் ஒரு பழைய கறுப்புக் காயை ஒட்டி வைத்திருக்கிறாள். பக்கத்து டப்பா மூடியில் ஒரு பாசிமணி. கண்ணை மூடிக்கொண்டு தடவினால்கூடத் தெரிகிறது, எது யாருடையது என்று.