நான்காவது வரிசை

மணப்பாறை
12-1-2025, ஞாயிறு

அன்புத் தங்கை சுபாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கடிதம் எழுதலாம். எழுதியதை ஒட்டாமல் வார்டன் இருதயநாதன் சாரிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துவிட்டு ஒட்டுவார். குடியை விட வந்தவன் தங்கைக்கு எழுதுவதில் என்ன கள்ளச் சங்கதி இருக்கப்போகிறது என்று கேட்டேன். "போன மாசம் ஒருத்தர் மச்சினனுக்கு எழுதினார் தம்பி, சாத்துக்குடிக்குள்ள ஊசியால சரக்கு ஏத்தி எடுத்துட்டு வான்னு" என்றார்.

கை நடுக்கம் குறைந்திருக்கிறது. எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். சாப்பாடும் இறங்குகிறது. அம்மாவிடம் சொல்.

இப்போது முக்கியமான விஷயம். என் போன் உன்னிடம் இருக்கிறது. மெயிலைத் தினமும் பார்க்கிறாயா? நான் பணம் கட்டி முன்பதிவு செய்த அந்த இசைப் பெட்டியைச் செய்கிற கம்பெனி மார்ச்சுக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. ஏதாவது வந்தால் உடனே எழுது.

நீ அதை விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறாய், அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். பேட்டரியில் ஓடும். உள்ளே ஒரு சிந்தசைசர். நமக்கு வேண்டிய ஓசையை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். கூடவே சீக்வென்சர். பதினாறு கட்டம். எந்தக் கட்டத்தில் என்ன ஒலிக்க வேண்டும் என்று வைத்துவிட்டால், நாம் நிறுத்துகிற வரை அதையே திரும்பத் திரும்ப வாசிக்கும். அதன் மேல் இன்னொரு வரிசை, அதற்கும் மேல் இன்னொன்று, மொத்தம் நான்கு. ஒரே ஆள் ஒரு குழுவாக வாசிக்கலாம்.

அந்த ஒரே ஆள் என்பதுதான் எனக்கு வேண்டியது. முருகானந்தம் அண்ணன் ஆர்கெஸ்ட்ராவில் இத்தனை வருஷம் கீபோர்டு வாசித்தேனே, மேடையில் ஒருநாளும் நான் குடித்ததில்லை. எல்லாம் மேடைக்குப் பின்னால், வேனில், சாமான் கட்டும்போது. பத்துப் பேர் நடுவில் ஒருத்தன் மட்டும் வேண்டாம் என்று சொல்ல முடியாது சுபா. சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டி வந்தால் எனக்கு வேன் வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவேன், மண்டபத்தில் வாசிப்பேன், பஸ்ஸிலேயே வீட்டுக்கு வருவேன்.

என் அறையில் அப்துல் ஹலீம் பாய் இருக்கிறார். பாலக்கரையில் வெல்டிங் பட்டறை. "இன்னும் பொறக்காத புள்ளைக்கு ஸ்கூல்ல சீட்டு கேக்குறீங்களே தம்பி" என்று தினமும் கிண்டல்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்
அன்புச்செல்வன்


ஸ்ரீரங்கம்
22-1-2025

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அம்மா படிக்கவில்லை. எழுத்தை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "கோணாம எழுதியிருக்கான்டி" என்றாள். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஏகாதசிக் கூட்டம் இப்போதுதான் வடிந்தது. அதுவரை அம்மா மண்டபம் தாண்டி நடந்துபோய்த்தான் தென்னூருக்கு பஸ் பிடித்தேன். நூலகத்தில் என் மேசைக்கு யாரும் புத்தகம் கேட்டு வராத மதியங்களில் உன் பெட்டியைப் பற்றி எழுதப்பட்டதையெல்லாம் தேடிப் படித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதானே.

கோபப்படாமல் கேள். கம்பெனி மூன்று வீடியோ போட்டிருக்கிறது. ஒன்றில்கூட ஒரு விரலும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. வெள்ளைப் பரப்பின் மேல் அது தானாகச் சுழல்கிறது. சுழலும்போது அதன் நிழலின் வடிவம் மாறவே இல்லை. அப்படி ஒரு பொருள் இருக்கிறதா, படம் மட்டும்தான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனி என்றால் மொத்தம் மூன்று பேர். இதற்கு முன் அவர்கள் அறிவித்த ஒரு சாதனம் சொன்னதற்கு ஒன்றரை வருஷம் கழித்து வந்திருக்கிறது. முன்பதிவு செய்தவர்கள் இணையத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறார்கள். ஒரு பாதி, தலைப்பிரசவத்துக்குக் காத்திருப்பதுபோல் காத்திருக்கிறது. மறுபாதி சிரிக்கிறது. நான் சிரிக்கவில்லை. ஆனால் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு பயம் உண்டு. நீ நல்லபடியாக இருப்பது, எங்கோ மூன்று பேர் ஒரு பெட்டியைச் செய்து முடிப்பதைப் பொறுத்தது என்று ஆகிவிடக் கூடாது.

இருதயநாதன் சாருக்கு வணக்கம். இதையும் அவர் படிப்பார் அல்லவா.

அன்புடன்
சுபஸ்ரீ


மணப்பாறை
9-2-2025, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

நீ சந்தேகப்படு. வீட்டில் ஒருவராவது சந்தேகப்பட வேண்டும். நான் அந்த வேலையைச் செய்தால் இங்கே ஒரு சாயங்காலத்தைக்கூடத் தாண்ட முடியாது.

இங்கே பகல் ஓடிவிடும். விளக்கு வைக்கிற நேரம்தான் மோசம். கை எதையோ தேடும். வாய் உலர்ந்துபோகும். ஹலீம் பாய் சுவரில் தலையை முட்டிக்கொள்வார். அதற்காக ஒன்று செய்தேன். ஒரு சட்டைப் பெட்டியின் அட்டையைப் பிரித்து, வரிசைக்குப் பதினாறு என்று நான்கு வரிசை கட்டம் போட்டேன். சமையலறையில் எனக்குப் புளி கரைக்கிற வேலை. விதைகளைக் கழுவி எடுத்து வந்தேன். விதை இருக்கிற கட்டம் ஒலிக்கும், இல்லாதது சும்மா இருக்கும். பெட்டி வரும் முன்பே பழகிக்கொள்ளலாம் அல்லவா.

முதல் வரிசை என்னுடையது: 1, 4, 7, 11, 13. வாளியில் தட்டுகிறேன். இரண்டாவது ஹலீம் பாய், சோற்றுத் தட்டில் கரண்டி: 5, 13. முதல் நாள் "என்னை பைத்தியக்காரன் ஆக்காம விடமாட்டீங்க" என்றார். இப்போது ஆறு மணி ஆனால் தட்டோடு அவரே வந்து உட்கார்ந்துவிடுகிறார். சத்தம் கேட்டு இருதயநாதன் சார் திட்ட வந்தார். கதவருகே கொஞ்சம் நின்றார். "ஒன்பதாவது காலியா இருக்கேப்பா, அதுல ஒண்ணு வைங்க" என்று சொல்லிவிட்டு, அவரே மேசையில் தட்டினார். சின்ன வயதில் கோயில் பாட்டுக் குழுவில் இருந்தாராம். மூன்றாவது வரிசை அவருக்கு: 3, 9.

நான்காவது உனக்கு. பள்ளிக்கூடம் போகும்போது பஸ் ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டே வருவாயே, அது நன்றாக இருக்கும். எந்தெந்தக் கட்டம் என்று எண்ணை மட்டும் எழுதி அனுப்பு.

அண்ணன்
அன்பு


ஸ்ரீரங்கம்
12-3-2025

அன்புள்ள அண்ணா,

மெயில் வந்தது. தள்ளிப்போட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு சில்லு கிடைக்கவில்லையாம், மே மாதம் அனுப்புவார்களாம். பழைய சாதனத்துக்கு எழுதிய மன்னிப்பும் இந்த மன்னிப்பும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முருகானந்தம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சு. "தம்பி இல்லாம திருவிழா சீசனே படுத்துருச்சும்மா. எந்த ஊர்ல வச்சிருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். அம்மா காப்பி கொடுத்தாள். ஊரைச் சொல்லவில்லை. அவர் போனதும் ஆரஞ்சைத் தெருவில் போகிற மாட்டுக்குப் போட்டாள்.

நான்காவது வரிசை கேட்டிருந்தாய். எனக்குத் தாளமெல்லாம் வராது. பெட்டி வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்
சுபஸ்ரீ


மணப்பாறை
6-4-2025, ஞாயிறு

அன்புத் தங்கைக்கு,

மே என்றால் மே. எனக்கு வருத்தமில்லை. ஹலீம் பாய்தான் என்னைவிடக் கோபப்பட்டார். "என்னாங்க தம்பி, நம்ம பட்டறையில இரும்பு கேட்டு செய்யுறவனே சொன்ன தேதிக்கு குடுத்துருவான்" என்று ஒரு மூச்சு கத்தினார். பிறக்காத பிள்ளைக்கு இப்போது அவரும் ஒரு மாமா.

இங்கே எல்லாரும் வெளியே போகிற நாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பார்க்க வேறு ஒன்று இருக்கிறது. அதுதான் வித்தியாசம். வருமா வராதா என்று நீ கேட்கிறாய். நான் தினமும் கேட்டுக்கொள்வது, அது வருகிறபோது நான் எப்படி இருப்பேன் என்றுதான்.

ஆகஸ்டில் விட்டுவிடுவார்கள். முன் அறையில் ஜன்னலோரம் இருக்கிற பழைய தையல் மெஷினை நகர்த்திவிட்டு அந்த இடத்தைக் காலி செய்து வை. சின்ன மேசை ஒன்று போதும். அம்மாவுக்குச் சத்தம் தொந்தரவாக இருந்தால் ஹெட்போன் போட்டுக்கொள்வேன்.

உன் வரிசை இன்னும் காலியாக இருக்கிறது. மூன்றையும் தட்டிக்கொண்டு வரும்போது அங்கே ஒரு பள்ளம் தெரிகிறது.

அண்ணன்
அன்பு


ஸ்ரீரங்கம்
18-5-2025

அன்புள்ள அண்ணா,

இதை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

பெட்டி வெளிவந்துவிட்டது. சொன்ன மாதத்திலேயே. வாங்கியவர்கள் வீடியோ போடுகிறார்கள், விரல்கள் தெரிகின்றன. கோயம்புத்தூரில் ஒருவருக்கு வந்து, அவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து வாசித்தார். நீ சொன்னதுபோலவே இருக்கிறது. ஒரே ஆள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நமக்கு வராது. மார்ச்சில் வந்த அந்த மெயிலில் இன்னொரு வரியும் இருந்தது, காத்திருக்க விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று. உனக்கு எழுதிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்த அன்று மாலை, உன் போனிலிருந்து நான் விலகிவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை. பணம் உன் கணக்குக்கே வந்துவிட்டது. இப்போது அவர்களுக்கு எழுதிக் கேட்டேன். செய்ததெல்லாம் தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷத்துக்கு முன் இல்லை என்கிறார்கள்.

வராமலே போனால் நீ நொறுங்கிவிடுவாய், அதற்கு முன் நாமே முடித்துவிடலாம் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி இது: வந்துவிட்டால் என்ன செய்வாய் என்ற பயம். பழைய கீபோர்டை விற்றாய். அதற்கு முன் அம்மாவின் வளையல். அப்பா படத்தின் முன்னால் நின்று நீ சத்தியம் செய்த ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன் அண்ணா. எனக்கு நம்பத் தெரியாமல் போய்விட்டது. நிழலைப் பார்த்தேன், மன்னிப்புகளை ஒப்பிட்டேன். உன் எழுத்து கோணாமல் வந்துகொண்டிருந்ததைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஜன்னலோரத்தைக் காலி செய்யச் சொன்னபோதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல், மெஷினை நகர்த்தி வைத்தேன். அந்த இடம் காலியாக இருக்கிறது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

சுபா


மணப்பாறை
1-6-2025, ஞாயிறு

சுபா,

கடிதம் கிடைத்தது. திட்டவில்லை. நீ பார்த்ததெல்லாம் நடந்தவைதான்.

ஹலீம் பாயிடம் சொன்னேன். கிண்டல் செய்வார் என்று பார்த்தேன். "பொறந்துருச்சா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முருகானந்தம் அண்ணனுக்கு ஆபீஸ் போனிலிருந்து பேசினேன். புதன்கிழமை வேன் அனுப்புகிறார். இருதயநாதன் சார், இன்னும் இரண்டு மாதம் இருங்கள் என்று நிறையச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்காகத்தான் தம்பி" என்றார். அது எனக்குப் பழக்கமில்லாத காரணம்.

உறையூரில் குழு அறையிலேயே தங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் வேலை கிடைத்தது என்று சொல். பொய் இல்லை.

ஜன்னலோரத்தில் தையல் மெஷினையே திரும்பப் போட்டுவிடு.

அன்புச்செல்வன்


ஸ்ரீரங்கம்
27-7-2025

அன்புள்ள அண்ணா,

உறையூர் முகவரிக்கு இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. குழு அறைக்குப் போன் செய்தால் யாரோ எடுத்து, நீ தூங்குவதாகச் சொல்கிறார்கள். நான் பேசியதெல்லாம் பட்டப்பகலில்.

போன வெள்ளிக்கிழமை ஆடிக் கச்சேரிக்கு வந்திருந்தேன். சுவரொட்டியில் உன் பெயரைப் பார்த்து அம்மாதான் போகச் சொன்னாள். பந்தலின் ஓரமாக, பெண்கள் பக்கம் நின்றேன். நன்றாக வாசித்தாய். மூன்றாவது பாட்டு முடிந்ததும் கீபோர்டுக்குக் கீழே குனிந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்தாய். தண்ணீர் குடிக்கிறவர்கள் அப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை. மேடையில் ஒருநாளும் குடித்ததில்லை என்று ஜனவரியில் எழுதியிருந்தாய். அதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். அப்போது அது உண்மையாகத்தான் இருந்தது.

நேரே மேடைக்கு வந்திருக்கலாம். என்ன சொல்வது என்று தெரியாமல் பஸ் ஏறிவிட்டேன். நன்றாக இருந்தது, கூட்டம் அதிகம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவள் உனக்காக எடுத்து வைத்திருந்த சோற்றில் தண்ணீர் ஊற்றினாள்.

நீ விட்டுப்போன துணிகளை இருதயநாதன் சார் பார்சலில் அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு துண்டுக் காகிதம். ஹலீம் பாய் முழுக்காலமும் இருந்து வீட்டுக்குப் போய்விட்டாராம், போகும்போது தட்டையும் கரண்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டாராம். துணிகளுக்கு அடியில் உன் அட்டை இருந்தது. விதைகள் ஒன்றும் இல்லை, ஆனால் வைத்து வைத்து எடுத்த இடங்களில் கறை படிந்திருக்கிறது. எது யாருடையது என்று படிக்க முடிகிறது. வரிசைகளின் ஓரத்தில் பெயர் எழுதியிருக்கிறாய். அன்பு. பாய். சார். நான்காவதில் சுபா. அந்த வரிசையில் மட்டும் அட்டை புதிதாக இருக்கிறது.

ஜன்னலோரத்தில் தையல் மெஷினைத் திரும்பப் போடவில்லை. சின்ன மேசை ஒன்று போட்டு அட்டையை அதன் மேல் வைத்தேன். இன்று காலை அம்மா புளி கரைத்த பிறகு விதைகளைக் கழுவி எடுத்துக்கொண்டேன். உன் வரிசையை மேசையில் தட்டினேன். பிறகு பாயுடையது, பிறகு சாருடையது. மூன்றையும் சேர்த்துத் தட்ட எனக்குக் கை போதவில்லை. ஆனால் மனதில் கேட்டது. கடைசிக் கட்டத்தில் உங்கள் மூவருக்குமே எதுவும் இல்லை. மறுபடி முதல் கட்டத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாரும் நின்றுவிடுகிறீர்கள்.

என் வரிசை: 16.

சுபா