மேற்குச் சுவரில் ஒரு வளை

மகனுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் நன்றாகத்தான் இருப்பாய். அத்தனை பக்கம் எழுதி, அடிக்குறிப்பெல்லாம் ஒழுங்காகப் போட்டு, பேராசிரியர் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் அச்சேற்றியவனுக்குக் காய்ச்சலா தலைவலியா இருந்திருக்கப் போகிறது. "அன்புள்ள" என்று ஆரம்பிக்கச் சொல்லி அப்பா பக்கத்தில் வந்து நின்றார். கடிதம் நான் எழுதுகிறேனா நீங்கள் எழுதுகிறீர்களா என்று கேட்டேன், போய்விட்டார்.

வீட்டுச் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்குப் பொறுமை இருக்காது. அப்பாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, நின்றுகொண்டு பல் பிடுங்க முடியவில்லை, சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று வாங்கி அதிலேயே உட்கார்ந்து கிளினிக் முழுக்க உருண்டுகொண்டிருக்கிறார், வருகிற குழந்தைகள் பல்வலியை மறந்துவிட்டு அந்த ஸ்டூலைக் கேட்டு அழுகிறார்கள். அக்கா வீடு மாற்றிவிட்டாள், இரண்டாவது மாடி, காற்று நன்றாக வருகிறது, தண்ணீர்தான் வருவதில்லை. அவள் சின்னவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள், போனில் உன் படத்தைக் காட்டினால் மாமா என்று திரையை நக்குகிறாளாம். இதை உனக்குச் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். உன் அறையில் குழாய் ஒழுகிப் புத்தகப் பெட்டி நனைந்துவிட்டது, எல்லாவற்றையும் மாடியில் பரப்பிக் காயவைத்தேன். அது உன் கட்டுரையைப் படிப்பதற்கு முந்தின வாரம். பிந்தின வாரமாக இருந்திருந்தால் அப்படியே விட்டிருப்பேன்.

நான் தோண்டும் குகையைப் பார்வையிட ஆய்வுக் குழு வந்தது உனக்குத் தெரியும். குகை இருக்கும் அந்தப் பாறையைக் கல்குவாரிக்காரர்கள் எத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். கூழாங்கல் அடுக்குக்குக் கீழே இருக்கும் சாம்பல் மனிதர் மூட்டிய தீயில் வந்தது, புத்தகங்கள் சொல்வதற்கு இரண்டு மடங்கு காலம் முன்பே இங்கே ஆட்கள் இருந்தார்கள் என்று நான் சொல்வதைக் குழு ஒப்புக்கொண்டால் பாறை பிழைக்கும், இல்லையென்றால் ஜல்லியாகப் போகும். குழுவில் தலைவியம்மா, ஒரு மண் ஆய்வாளர், அப்புறம் நம் 'இல்லசார்'. நீ பள்ளிக்கூடம் போகும் வயதில் வைத்த பெயர்தான், யார் எதைச் சொன்னாலும் "இல்ல சார்" என்று ஆரம்பிப்பாரே, அவரேதான். குழியின் விளிம்பில் நின்று நான் சாம்பல் அடுக்கைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் பையிலிருந்து தாள்களை எடுத்துச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். மேலே இருந்த கரித்துண்டுகள் ஏதோ விலங்கு தோண்டிய வளை வழியாகக் கீழே இறங்கியிருக்கின்றன, அதனால் அவை கூழாங்கல்லுக்குக் கீழே கிடப்பதை வைத்துச் சொன்ன காலக்கணக்கு செல்லாது, குழியின் மேற்குச் சுவர்ப் படம் இதோ என்று. எத்தனையோ பேர் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள், நானும் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவர், "மேடம், இத நான் சொல்லல. உங்க பையனே சொல்றாரு" என்றார். சிரித்துக்கொண்டுகூடச் சொல்லவில்லை, பரிதாபப்பட்டுச் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

கீழே மண் அள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். தலைவியம்மா தன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குத் தெரியும் சார், எங்கிட்ட சொல்லிட்டுத்தான் எழுதினான்" என்றேன். அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், ஒரு அமைச்சரை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன், பொய் மட்டும் சொன்னதில்லை. முதல் பொய் உனக்காகச் சொன்னேன். பெற்ற தாயிடம் மறைத்தவன் என்று உன்னை அவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, மூளையைக் கேட்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கட்டுரையை முழுசாகப் படித்தேன். மேற்குச் சுவர்ப் படத்தில் மூலையில் ஒரு செருப்பு தெரிகிறது பார், அது என் செருப்பு. போன விடுமுறையில் நீ வந்து அகழாய்வு முகாமில் தங்கி, நான் சமைத்ததைச் சாப்பிட்டு, அந்தச் சுவருக்கு முன்னால் வெகுநேரம் நின்றாயே, அன்றைக்கு எடுத்த படம். என்னடா அப்படிப் பார்க்கிறாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, வெளிச்சம் நல்லா இருக்கு" என்றாய். நானும் நம்பிக்கொண்டு, படத்தில் விழாமல் இருக்கட்டும் என்று தள்ளி நின்றேன். செருப்பை மட்டும் மறந்துவிட்டேன் போலிருக்கிறது.

எரிந்த எரிச்சலில் உன்னை உடனே போனில் கூப்பிட்டுக் கிழித்திருப்பேன். அப்பாதான் முன்னறைக் கிளினிக்கிலிருந்து ஸ்டூலில் உருண்டு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "அவன் எழுதினது தப்பான்னு முதல்ல பாரு. அப்புறம் ஆசை தீரத் திட்டு" என்றார். சரி, தப்பு என்று நிரூபித்துவிட்டே திட்டுகிறேன் என்று மறுநாள் காலையிலேயே போய் மேற்குச் சுவரை வெட்டிப் பார்க்கச் சொன்னேன். சுவரைக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சுரண்டியதுமே மேஸ்திரி, "அம்மா, இங்க மண்ணு மெத்துன்னு இருக்கு" என்றார். நானே இறங்கிக் கரண்டியை வாங்கிக்கொண்டேன். கூழாங்கல்லுக்கு நடுவே கைப்பிடி அகலத்துக்குக் கறுத்த மண், வளைந்து வளைந்து கீழே இறங்கி நேராக என் சாம்பலுக்குள் போகிறது. அடியில் ஏதோ கொறிக்கும் பிராணியின் தாடை எலும்பு, பல்லோடு. வளை இருந்தது. நீ சொன்ன இடத்திலேயே இருந்தது.

குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மண்ணப் போட்டு மூடிடவாம்மா, யாரும் பாக்கல" என்று மெதுவாகக் கேட்டார். அவரைத் திட்டிய திட்டு உனக்குச் சேர வேண்டியது, பாவம் அவர் வாங்கிக்கொண்டார். பிறகு நானே தலைவியம்மாவுக்குப் போன் செய்து மறுபடி வரச் சொன்னேன். மூன்று பேரும் வந்தார்கள். வளையையும் எலும்பையும் காட்டி, இந்தப் பக்கத்துக் காலக்கணக்கை நான் திரும்பப் பெறுகிறேன் என்றேன். இல்லசார் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஆமா மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து ஒரு 'ஆமா' வாங்க நான் இவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருந்தது. முடிவு இதுதான், மேற்குச் சரிவு குவாரிக்குப் போகிறது. கிழக்குப் பக்கத்தை மட்டும் அடுத்த மழை வரைக்கும் தோண்டலாம். அங்கேயும் ஒரு சாம்பல் அடுப்பு இருக்கிறது, சுற்றிலும் தீயில் சிவந்த கற்கள், நான் பார்த்தவரை வளை கிடையாது. உன் கட்டுரை கடைசிப் பத்தியில் அங்கேயும் அப்படியே இருக்கலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறது. இருக்கலாமா? அந்தப் பக்கம் நீ ஒரு கரண்டி மண் எடுத்தாயா?

நான் கோபப்படுவேன் என்று பயந்து சொல்லவில்லை என்றாயாம் அக்காவிடம். கோபப்பட்டிருப்பேன்தான். தட்டை நங்கென்று வைத்திருப்பேன், இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டேன். அப்புறம் உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தச் சுவருக்குத்தான் போயிருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து வெட்டிப் பார்த்திருப்போம். உன்னைப் பெற்று வளர்த்தவளைப் பற்றி உனக்கு இவ்வளவுகூடத் தெரியவில்லை, ஆயிரமாயிரம் வருஷத்துக்கு முன்னால் யார் எங்கே இருந்தார்கள் என்று சொல்ல வந்துவிட்டாய். கண்ணால் கண்டதை அம்மாவிடம் மறைத்துப் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாயே, அதை நான் மறக்க ரொம்ப நாளாகும், அவசரப்படுத்தாதே. உங்கள் ஆய்விதழுக்கே நான் எழுதி அனுப்பிவிட்டேன், வளை உண்மை, முதலில் பார்த்தவன் நீ என்று. உண்மை என்பதால் எழுதினேன், பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே.

கிழக்கு அடுப்பைக் குறுக்கே வெட்டாமல் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் கிளம்பி வா. கரண்டியை உன் கையில் தருகிறேன், நீயே வெட்டு, வளை இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல், அன்றோடு முகாமைக் காலி செய்கிறேன். வரவில்லையென்றால் அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு அடிக்குறிப்புகூட எழுத உனக்கு உரிமை கிடையாது.

குளிர் அதிகம் என்று கேள்வி, காதை மூடிக்கொண்டு வெளியே போ, ஆய்வகத்தில் நின்றுகொண்டே சாப்பிடாதே. நோயில்லாமல், நல்ல பெயரோடு, நிறைந்து வாழ வேண்டும் நீ, அந்த ஆசீர்வாதத்துக்கும் என் கோபத்துக்கும் சம்பந்தமில்லை. அப்பாவின் முழங்காலுக்கு உறை ஒன்று அங்கே நல்லதாகக் கிடைக்குமாம், மறக்காமல் எடுத்து வா. இதற்குப் பதில் எழுதி அனுப்பாதே. உனக்கு எழுத வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பேச வருமா என்று நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா