சவர்க்கார நுரை

மட்டக்களப்பு
பங்குனி 2007

அன்புள்ள அத்தானுக்கு,

மாமாங்கேஸ்வரர் துணையால் அங்கே சுகமாக இருப்பீர்கள். உங்களுக்கு மகள் பிறந்த செய்தியைச் சித்தப்பா போனில் சொல்லியிருப்பார். போனில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

செல்லடிக்குப் பயந்து கதிரவெளியிலிருந்து ஓடிவந்தபோது, மாதக் கணக்கு எழுதிய அக்காவின் கிளினிக் கார்ட் தொலைந்துவிட்டது. பிள்ளை தங்கியது கண்ணகை அம்மன் சடங்குக்கு முதலா, பிறகா என்று கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டினாள். பிரஷரோ ஏறிக்கொண்டே போனது. உடனே ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுக்கலாம் என்றார் டொக்டர் இக்னேஷியஸ். ஆனால் நுரையீரல் முற்றாத பிள்ளைக்கு மூச்சுக் கொடுக்க இங்கே மெஷின் இல்லை.

ஆகவே ஊசியால் பன்னீர்க்குடத்து நீரை எடுத்து, நான் வேலை செய்யும் லாப்புக்கு அனுப்பினார். ஸ்பிரிட் கலந்து குலுக்கி வைப்போம். மேலே நுரை வளையமாக நின்றால் நுரையீரல் முற்றிவிட்டது. நின்றது. வார்ட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த நுரையின் உயரம் பிடிக்கவில்லை. சண்டையால் பாதை பூட்டியதிலிருந்து லாப்புக்குச் சாமான் வருவதில்லை. பழைய குழாய்களையே சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிப் பாவிக்கிறோம். இன்னொரு குழாயில் வெறும் உப்புநீரையும் ஸ்பிரிட்டையும் குலுக்கினேன். அதுவும் நுரைத்தது.

தியேட்டர் வாசல்வரை ஓடிப்போய், அது சவர்க்கார நுரை என்று டொக்டரிடம் சொன்னேன். "அட, இந்தப் பிள்ளை கதைக்குமா!" என்றார். மீதி நீரை நன்றாக அலசிய குழாயில் பார்த்தோம். ஒரு குமிழும் நிற்கவில்லை. ஒப்பரேஷனை நிறுத்தி, நுரையீரல் முற்ற ஊசியும் பிரஷருக்கு மருந்தும் கொடுத்தார்கள். அக்கா மட்டும், "குழாய் கழுவவாடி கம்பசுக்குப் போன நீ?" என்று நக்கலடித்தாள்.

அடுத்த கிழமை வளையம் நின்றது. உப்புநீர் நுரைக்கவில்லை. இனி எடுக்கலாம் என்று தைரியமாகச் சொன்னேன். மகள் கத்திய கத்து லாப்புக்கே கேட்டது. நெஞ்சு அழகாக ஏறி இறங்குகிறது.

ஒன்று மட்டும், அத்தான். அக்கா படுத்தபடியே பால் கொடுக்கிறாள், பிள்ளையைத் தூக்கமாட்டாள். நேர்ஸ் நீட்டினால், "என்ட கை வேணாம்கா, நீங்களே வெச்சிருங்க" என்கிறாள். சுனாமியில் கடல் வந்த அன்று உங்கள் மூத்தவன் நிலோஜன் அந்தக் கையிலிருந்துதான் போனான். அதைப் பற்றி நீங்கள் இன்றுவரை ஒன்றும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

பெயரைப் பிறகு வைக்கலாம். இந்தக் கடிதம் கிடைத்ததும் அக்காவைப் போனில் கூப்பிட்டு, பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் தூக்குவாள். அதற்கு எங்கள் லாப்பில் சோதனை இல்லை. ஆனாலும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

உங்கள் குரலை எதிர்பார்க்கும்
மச்சாள் சுலோஜனா